ஆன்லைனில் கார் பாகம் வாங்குகிறீர்களா? எண்ணையும் பில்லையும் பாருங்கள்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் மெக்கானிக் இல்லை. பி.காம். படித்துவிட்டு 36 வருஷம் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்தவன். இன்ஜினைப் பற்றி உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் டூப்ளிகேட் ஸ்பேர் பார்ட்ஸ் விவகாரத்தில் பாதி இரும்பு, பாதி காகிதம். அந்தக் காகிதப் பாதியைப் பற்றிப் பேசச் சொல்லி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

வங்கியில் சேர்ந்த புதிதில் சீனியர்கள் சொல்லிக் கொடுப்பது இதுதான். செக் கொண்டு வருகிறவரின் சட்டையைப் பார்க்காதே. கையெழுத்தைப் பார், தேதியைப் பார், எழுத்தில் உள்ள தொகையும் எண்ணில் உள்ள தொகையும் ஒன்றா என்று பார். கார் பாகத்துக்கும் இதே கணக்குதான். பளபளவென்று பெட்டி அச்சடிக்க யாராலும் முடியும். பாகத்தின் எண், விற்றவர் பெயர், கையில் வந்த பில் ஆகிய மூன்றும் ஒன்றோடு ஒன்று பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இடித்தாலும் அந்தப் பாகம் காரில் ஏறக் கூடாது.

எது ஒரிஜினல், எது டூப்ளிகேட்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கார் கம்பெனியின் பெட்டியில் வராததெல்லாம் டூப்ளிகேட் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. சந்தையில் நான்கு வகை உண்டு.

ஒன்று, கார் கம்பெனி தன் பெயரிலேயே விற்பது. மாருதி, ஹூண்டாய், டாடா என்று அவரவர் பெட்டியில் வரும்.

இரண்டு, கார் கம்பெனிக்குப் பாகம் செய்து கொடுக்கும் நிறுவனமே தன் சொந்தப் பெயரில் கடைக்கு அனுப்புவது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் என்று நாட்டுக்கே பாகம் செய்யும் தொழிற்சாலைகளைத் தாண்டித்தான் நம்மில் பலர் வேலைக்குப் போய் வந்தோம். இப்படிப்பட்ட நிறுவனங்களின் பெட்டியில் வரும் பாகம் பல சமயம் விலை குறைவு, தரத்தில் குறைவில்லை. மெக்கானிக்குகள் இதை 'ஓஇ' சாமான் என்பார்கள்.

மூன்று, வேறு நிறுவனம் தன் பெயரைப் போட்டுச் செய்வது. நல்லதும் இருக்கும், சுமாரானதும் இருக்கும். ஆனால் யார் செய்தது என்று மறைக்காததால் அது ஏமாற்று இல்லை.

நான்காவதுதான் டூப்ளிகேட். ஒருவர் செய்து, இன்னொருவர் பெயரை ஒட்டி விற்பது. வங்கிப் பாஷையில் சொன்னால் கள்ளக் கையெழுத்து. 1999ஆம் வருஷத்து வர்த்தகக் குறிகள் சட்டப்படி இது கிரிமினல் குற்றம். 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.

எந்தப் பாகத்தில் துளியும் ரிஸ்க் கூடாது?

எல்லாவற்றுக்கும் ஒரே அளவு கவலை தேவையில்லை. மிதியடி, சீட் கவர், நம்பர் பிளேட் ஃப்ரேம் இவையெல்லாம் மலிவாக வாங்கிக் கெட்டுப்போனால் போகட்டும். கண்ணாடி மூடி, பம்பர் போன்றவற்றைப் புதுப்பேட்டையில் பழையதாக வாங்கினாலும் பெரிய ஆபத்தில்லை.

பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், டயர், ஏர்பேக், டைமிங் பெல்ட் என்றால் கதை வேறு. இவற்றில் நாம் மிச்சம் பிடிப்பது பணத்தை, பணயம் வைப்பது பின் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை. ஏர்பேக் பற்றி ஒன்று சொல்கிறேன். 2012 அக்டோபரில் அமெரிக்காவின் சாலைப் பாதுகாப்புத் துறை போலி ஏர்பேக்குகளைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அவற்றைச் சோதித்தபோது, காப்பாற்ற வேண்டிய பையிலிருந்தே இரும்புத் துண்டுகள் சிதறி வந்திருக்கின்றன. ஏர்பேக்கை மட்டும் ஆன்லைனிலும் வாங்காதீர்கள், பழையதாகவும் வாங்காதீர்கள். கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே மாற்றுங்கள்.

பிரேக் ஆயிலும் அப்படித்தான். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ரகம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது இந்த வித்தியாசம் உயிர் விஷயம். அதனால் சீல் உடையாத சின்ன பாட்டிலாக வாங்குங்கள். மிச்சத்தை அடுத்த வருஷத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆயில் ஃபில்டர் இடைப்பட்டது. வெளியே ஒரே மாதிரி டப்பாவாகத் தெரியும். உள்ளே வடிகட்டும் காகிதம் எவ்வளவு, வால்வு ஒழுங்காக இருக்கிறதா என்பதை வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். சில நூறு ரூபாய் மிச்சத்துக்கு இன்ஜினைப் பணயம் வைக்க வேண்டுமா என்பதே கேள்வி.

டயர் வாங்கினால் அதன் பக்கவாட்டில் உள்ள 4 இலக்க எண்ணைப் பாருங்கள். 2325 என்றிருந்தால் 2025ஆம் வருஷத்தின் 23ஆவது வாரத்தில் செய்தது. கிடங்கில் பல வருஷம் கிடந்த டயர்தான் பெரிய தள்ளுபடியில் வரும்.

முதல் வேலை: சரியான எண்

ஆன்லைனில் ஏமாந்தேன் என்பவர்களில் பலர் உண்மையில் தவறான பாகத்தை ஆர்டர் செய்தவர்கள். 'ஸ்விஃப்ட் பிரேக் பேட்' என்று தேடினால் பத்து வகை வரும். பெட்ரோலா டீசலா, எந்த வருஷம், மாடல் மாறுவதற்கு முன்னா பின்னா, இடதா வலதா என்று ஒவ்வொன்றுக்கும் எண் மாறும்.

உங்கள் ஆர்சியில் சேஸிஸ் எண் இருக்கிறது. 17 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். ஆங்கில எழுத்துகளில் ஐ, ஓ, க்யூ மூன்றும் அதில் வராது. 1, 0 இவற்றோடு குழம்பக் கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. அந்த எண்ணைச் சொன்னால் கம்பெனி சர்வீஸ் சென்டரின் பார்ட்ஸ் கவுண்டரில் உங்கள் காருக்கான சரியான பாக எண்ணையும் விலையையும் பார்த்துச் சொல்வார்கள். பழைய சர்வீஸ் பில்லிலும் பாக எண் இருக்கும். கழற்றிய பழைய பாகத்திலேயே பொறித்திருப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிகள் சில சமயம் பழைய எண்ணை நிறுத்திவிட்டுப் புது எண் கொடுப்பார்கள். எண் வேறாக வந்தாலே டூப்ளிகேட் என்று முடிவு கட்ட வேண்டாம். அதே பார்ட்ஸ் கவுண்டரில் கேட்டால், பழையதற்குப் பதில் வந்த எண்தானா என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது வேலை: விற்பவர் யார்?

பெரிய ஆன்லைன் தளத்தில் வாங்கினேன், பயமில்லை என்பார்கள். அந்தத் தளம் பெரும்பாலும் சந்தைக் கட்டடம் மாதிரி. உள்ளே கடை போட்டிருப்பவர் வேறு. விற்பவர் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைத் தொட்டுப் பாருங்கள். 2020ஆம் வருஷத்து மின்வணிக விதிகளின்படி விற்பவரின் பெயர், முகவரி, வாடிக்கையாளர் தொடர்பு எண் எல்லாவற்றையும் தளம் காட்ட வேண்டும். வாங்கிய பிறகு நீங்கள் எழுத்தில் கேட்டால் விவரம் தரவும் வேண்டும். பாகம் எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும் அங்கே இருக்க வேண்டும்.

கார் கம்பெனிகளின் சொந்தத் தளம், அவர்களின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தர், பாகம் தயாரிக்கும் நிறுவனத்தின் சொந்தத் தளம் ஆகிய மூன்றும் முதல் வரிசை. மற்ற விற்பனையாளர் என்றால் ஜிஎஸ்டி எண்ணைக் கேளுங்கள்.

இங்கே ஒரு பழைய குமாஸ்தாவின் வித்தை. ஜிஎஸ்டி எண் 15 இலக்கம். முதல் இரண்டும் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அந்தப் பான் எண்ணின் 4ஆவது எழுத்து பி என்றால் தனிநபர், எஃப் என்றால் கூட்டு வியாபாரம், சி என்றால் கம்பெனி. 'பிரைவேட் லிமிடெட்' என்று பெயர் போட்டுக்கொண்டு அங்கே பி இருந்தால் ஏதோ சரியில்லை. ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் பெயர், எந்த ஊர், பதிவு நடப்பில் உள்ளதா என்று எல்லாம் வரும். இரண்டு நிமிஷ வேலை, காசு கிடையாது.

விலையும் ஒரு சாட்சி. பார்ட்ஸ் கவுண்டரில் கேட்ட விலையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட 10, 15 சதவீதம் குறைவு என்றால் வியாபாரப் போட்டி என்று புரிந்துகொள்ளலாம். பாதி விலை என்றால், மீதிப் பாதி எங்கே குறைந்தது என்று கேட்க வேண்டும்.

பில் எதற்கு?

2025 செப்டம்பர் 22 முதல் கார் உதிரிபாகங்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதற்கு முன் பலவற்றுக்கு 28. 4,000 ரூபாய்ப் பொருளுக்கு வரி 720 ரூபாய். "பில் வேண்டாம்னா அதைக் குறைச்சுக்கிறேன் சார்" என்று சிலர் சொல்வார்கள். அந்த 720 ரூபாய்க்கு நீங்கள் விற்பது உங்கள் உரிமையை.

நம் குடியிருப்பிலேயே நடந்த ஒன்றை, சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் சொல்கிறேன். முன் பிரேக் பேட் மாற்ற வேண்டியிருந்தது. சர்வீஸ் சென்டரில் 3,200 ரூபாய் சொன்னார்கள். செல்போனில் வந்த ஒரு விளம்பரத்தில் அதே பெட்டி, அதே பெயர், விலை 1,450. ஒரு தனிநபர் பெயருக்கு யுபிஐயில் பணம் போனது. பொருளும் ஒழுங்காகவே வந்தது. இரண்டு மாதம் கழித்து ஏற்காடு போய்விட்டு இறங்கும்போது கருகல் வாடை. பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போகிறது. வண்டியில் இரண்டு குழந்தைகள், ஒரு பாட்டி. நல்ல வேளை, ஓட்டியவர் நிதானமானவர். முதல் கியரில் மெல்ல இறங்கி, அகலமான ஓர் இடத்தில் ஓரம் கட்டிவிட்டார். சேலத்தில் கழற்றிப் பார்த்தபோது, பேடின் உராய்வுப் பகுதி வெடித்து, இரும்புத் தகட்டிலிருந்து பெயர்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் அந்த எண்ணுக்குப் போன் செய்தார்கள். ஸ்விட்ச் ஆஃப். பில் இல்லை, முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. யார் மேல் புகார் கொடுப்பது? சட்டம் இருக்கிறது, விதி இருக்கிறது, எதிராளியின் பெயர்தான் இல்லை. இதனால்தான் இவ்வளவு நேரம் காகிதத்தைப் பற்றியே பேசுகிறேன்.

பணம் கொடுக்கும் விதம்

தளத்துக்கு உள்ளேயே பணம் கட்டுங்கள். "தளத்துக்குக் கமிஷன் போகுது சார், நேரா அனுப்புங்க, 200 ரூபாய் குறைக்கிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால், பொருள் வராதபோதும் வேறு பொருள் வந்தபோதும் வங்கியிடம் ஆட்சேபம் எழுப்ப வழி உண்டு. பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று க்யூஆர் கோட் அனுப்பி பின் எண் போடச் சொன்னால் அது திருட்டு. பணம் வாங்குவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யுங்கள்.

பெட்டி வந்த பிறகு

பிரிக்கும் முன் வீடியோ எடுங்கள். முகவரிச் சீட்டிலிருந்து பாகம் வெளியே வரும் வரை நிறுத்தாமல் ஒரே வீடியோ. பெட்டியில் தயாரிப்பாளர் பெயரும் முகவரியும், தயாரித்த மாதமும் வருஷமும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் தொடர்பு விவரமும் இருக்க வேண்டும். எழுத்துப்பிழை, ஒட்டின் மேல் ஒட்டு, சுரண்டிய விலை இருந்தால் சந்தேகப்படுங்கள். பெட்டியில் உள்ள எண், பாகத்தில் உள்ள எண், பில்லில் உள்ள எண் மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில கம்பெனிகள் லேபிளில் ஸ்கேன் செய்து பார்க்க வசதி தருகின்றன. அதைப் பெட்டியில் எழுதியுள்ள முகவரியை நம்பிச் செய்யாமல் கம்பெனியின் சொந்தத் தளம் வழியாகச் செய்யுங்கள்.

பழைய பாகத்தோடு ஒப்பிடுங்கள். எடை, ஓட்டைகளின் இடைவெளி, விளிம்பின் நேர்த்தி. சந்தேகம் வந்தால் காரில் மாட்டவே கூடாது. மாட்டிய பொருளைத் திருப்பி எடுக்கச் சொல்வது கஷ்டம். திருப்பி அனுப்பக் கெடு எத்தனை நாள் என்று பார்த்து, அதற்குள் மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.

மெக்கானிக்கின் மனசு

இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நம் வாசலுக்கு வந்து வேலை செய்யும் மெக்கானிக் தம்பிகளுக்குப் பாகத்தில் கிடைக்கும் சின்ன லாபமும் வருமானம்தான். நாம் ஆன்லைனில் வாங்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டால், "சார், நீங்க வாங்கின சாமானுக்கு நான் கேரண்டி தர மாட்டேன்" என்பார். அவர் சொல்வதில் தப்பில்லை. முதலிலேயே பேசிவிடுங்கள். "பாகம் என் பொறுப்பு தம்பி, மாட்டுறது உங்க பொறுப்பு. கூலியைக் கொஞ்சம் கூட்டி வாங்கிக்குங்க" என்று சொன்னால் பிரச்சினை வராது. அவரே வாங்கி வருவதானால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு கடையின் பில்லும், காலிப் பெட்டியும், கழற்றிய பழைய பாகமும் நம் கைக்கு வர வேண்டும். கேட்பது சந்தேகம் இல்லை, பழக்கம் என்று அவருக்கும் புரியும்.

பழைய பெட்டியை அப்படியே தூக்கிப் போடாதீர்கள். கிழித்துப் போடுங்கள். நல்ல நிலையில் உள்ள காலிப் பெட்டி டூப்ளிகேட்காரருக்குப் பொக்கிஷம்.

ஏமாந்துவிட்டால்?

பொருள் போலியாகவோ, பழுதாகவோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுக்கவோ பணம் தரவோ மறுக்கக் கூடாது என்று அதே மின்வணிக விதிகள் சொல்கின்றன. தளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்வு தர வேண்டும். அதனால் போனில் கத்த வேண்டாம், எழுத்தில் அனுப்புங்கள்.

அங்கே நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019ஆம் வருஷத்துச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் டெல்லி போக வேண்டாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். கையில் வேண்டியது பில், வீடியோ, எழுதிய கடிதம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் ஒரே மாடல் கார் பல வீடுகளில் நிற்கிறது. ஒருவர் ஒரு பாகத்தைச் சரியான எண்ணில், நல்ல இடத்தில் வாங்கியிருந்தால் அந்தப் பில் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுங்கள். வீட்டு எண்ணையும் பெயரையும் மறைத்துவிட்டே கொடுக்கலாம். மாடல்வாரியாக ஒரு ஃபைல் போட்டு வைக்க நான் தயார். ஃபைல் போடுவதில் எனக்கு 36 வருஷ அனுபவம் உண்டு. செவ்வாய், வெள்ளி காலை 10 மணியிலிருந்து 11 மணி வரை அலுவலகத்தில் இருப்பேன். ஆர்டர் போடும் முன் சந்தேகம் இருந்தால் எண்ணைக் கொண்டு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.